பாளை சீவும் கைகள்

திருச்செந்தூருக்கு வந்து திரும்புகிறவர்கள் வெறுங்கையோடு ஊர் போவதில்லை. கடலில் நீராடி, கோயில் கண்டு, பேருந்து நிலையத்தை நோக்கி நடக்கிறவர்களின் கையில் பனையோலைப் பெட்டி ஒன்று தொங்குவதை நாம் அன்றாடம் காண்கிறோம். உள்ளே கருப்பட்டி இருக்கும். அல்லது சுக்கும் மிளகும் இட்ட சில்லுக்கருப்பட்டி இருக்கும். பருவத்திற்கேற்ப ஒரு கட்டுப் பனங்கிழங்கும் உடன் சேரும். வாங்குகிறவர் விலையைக் கேட்கிறார். "உடன்குடிச் சரக்குத்தானா?" என்று ஊரைக் கேட்கிறார். ஒரு துண்டை உடைத்து வாயிலிட்டுச் சுவை பார்க்கிறார். ஆனால் மரமேறியவர் யார், அடுப்பின் முன் நின்று காய்ச்சியவர் யார் என்று கேட்பவரை நாம் இதுவரை கண்டதில்லை.

பொருளுக்குப் பெயர் உண்டு. ஊருக்குப் பெயர் உண்டு. செய்தவருக்கு மட்டும் பெயர் இல்லை. இதைப் பற்றிச் சற்றுச் சிந்திப்பது நம் போன்றோருக்குக் கடமை என்று கருதுகிறோம். ஏனெனில் நம் பங்குகள் பலவற்றில் பனையின் நிழலில் வளர்ந்த குடும்பங்கள் இருக்கின்றன. வேறு தொழில் செய்யும் குடும்பங்களிலும் பிள்ளைகள் கருப்பட்டிக் காப்பி குடித்தே வளர்ந்தார்கள்.

திருச்செந்தூருக்குத் தெற்கே, உடன்குடியைச் சுற்றிய நிலத்தை அறிந்தவர்களுக்கு அதன் இயல்பு தெரியும். செம்மணல் மேடுகளாகிய தேரிகள், முள் உடைகள், அவற்றின் நடுவே வானத்தைத் தாங்கும் தூண்கள் போல் பனைகள். ஆற்றுப்பாசனம் எட்டாத மேட்டு மணலில் வேறு பயிர் தயங்கும் இடத்தில் பனை மட்டும் நிற்கிறது. தாமிரபரணி பாயும் வயல்களுக்கு நெல்லும் வாழையும் எப்படியோ, அப்படித்தான் இந்த மணலுக்குப் பனை. இதன் பயன்கள் 801 என்று தால விலாசம் என்னும் பழைய நூல் கணக்கிடுவதாகச் சொல்வார்கள். அவ்வளவையும் எண்ணிப் பார்க்க நமக்குப் பொறுமை இல்லாவிட்டாலும், ஒன்றை மட்டும் எண்ணிப் பார்க்கலாம்: பதநீர்.

பதநீர் மரத்தில் தானே வடிந்து நிரம்புவதன்று. ஆண்பனையாயினும் பெண்பனையாயினும் பாளை வெளிவந்ததும் அதை இடுக்கியால் பக்குவமாக நசுக்கி, கட்டி, பல நாள் பழக்கவேண்டும். பின்பு பாளையின் நுனியைத் தாள் கனத்திற்குச் சீவவேண்டும். அதிகம் சீவினால் பாளை வீணாகும். குறைவாகச் சீவினால் சொட்டாது. ஒரு நாள் ஏறாமல் விட்டால் வாய் அடைத்துக்கொள்ளும். இந்தக் கணக்கு எந்த ஏட்டிலும் இல்லை. அரிவாளைப் பிடித்த விரல்களில் மட்டும் இருக்கிறது; தந்தையின் விரல்களிலிருந்து மகனின் விரல்களுக்கு வந்தது.

கீழே தொங்கும் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவியிருப்பார்கள். காற்றில் உலவும் நுண்ணுயிர்கள் இனிப்பான சாற்றில் புகுந்தால் சில மணி நேரத்திலேயே அது நொதித்துக் கள்ளாகிவிடும். சுண்ணாம்பு அந்த நொதிப்பைத் தடுக்கிறது. பதநீரையும் கள்ளையும் பிரிப்பது இந்த ஒரு பூச்சுத்தான். தமிழ்நாட்டில் 1987 சனவரி முதல் நாளிலிருந்து கள் இறக்குவதற்குத் தடை இருக்கிறது. ஆகவே சுண்ணாம்பு தடவிய கலயமே பனையேறியின் நேர்மைக்குச் சாட்சி. அப்படியிருந்தும் பனையேறி என்ற சொல்லைக் கேட்டதும் கள்ளையே நினைக்கிற பழக்கம் நம்மில் பலரை விட்டுப் போகவில்லை.

ஒருவர் 40 மரங்களைப் பாட்டத்திற்கு எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காலையும் மாலையும் ஏறினால் நாளொன்றுக்கு 80 ஏற்றம். மரம் 40 அடிதான் என்று குறைத்தே கணக்கிட்டாலும், 3200 அடி ஏறி 3200 அடி இறங்குகிறார். காலில் தளைநார், இடுப்பில் அரிவாள்பெட்டி, நெஞ்சில் மரம் உராய்ந்து காய்த்த தழும்பு. இவைதாம் அவருடைய கருவிகளும் பதக்கங்களும். மரத்தை விட்டு ஒரு கை நழுவினால் அன்றோடு அந்தக் குடும்பத்தின் கதை மாறிவிடும். அப்படி மாறிய குடும்பங்களை நம் பங்குகளில் நாம் அறிவோம்.

இறக்கிய பதநீர் விடிலிக்குப் போகிறது. விடிலி என்பது ஓலை வேய்ந்த சிறு குடில்; பனைக் குடும்பத்தின் தொழிற்சாலை. அங்கே பெண்ணின் ஆட்சி. பதநீரை வடித்து, அகன்ற பாத்திரத்தில் ஊற்றி, மட்டையும் உடைவிறகும் எரித்து, மணிக்கணக்காகக் கிண்டவேண்டும். நுரை பொங்கினால் தட்டிய ஆமணக்கு விதையைச் சிறிது இடுவார்கள்; பொங்கியது அடங்கும். பாகை ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பதம் பார்ப்பார்கள். ஒரு கணம் முந்தினால் இறுகாது. ஒரு கணம் பிந்தினால் கருகும். பின்பு வரிசையாகப் பரப்பிய சிரட்டைகளில் ஊற்றி ஆறவிடுவார்கள். ஏறத்தாழ 8 லிட்டர் பதநீர் சுண்டி ஒரு கிலோ கருப்பட்டியாகிறது. மரமேறும் கணவன் வானத்தின் வெயிலைத் தாங்கினால், மனைவி அதே சித்திரை வெயிலோடு அடுப்பின் வெயிலையும் தாங்குகிறாள்.

உடன்குடிக்கு அப்பால் அத்தகைய விடிலி ஒன்றில் ஒரு முற்பகல் முழுவதும் நாம் அமர்ந்திருந்தோம். வீட்டுக்காரர் அறுபதை நெருங்கியவர். பனையோலைப் பட்டையை மடித்துக் கையில் கொடுத்து, அதில் பதநீர் வார்த்தார். இந்த வயதிலும் இவ்வளவு உயரம் ஏற அச்சமில்லையா என்று கேட்டோம்.

"ஏறுறதுக்கு எனக்குப் பயம் கெடையாது, அண்ணாச்சி" என்றார். "எம் மவன் காலேசு படிச்சான். தகப்பன் தொழிலு என்னான்னு எழுதுற எடத்துல எல்லாம் விவசாயம்னுதான் எழுதுவான். அவன் மேல தப்பு இல்ல. பனையேறின்னு எழுதுனா அவன எப்பிடிப் பாப்பாவன்னு எனக்கே தெரியும்லா?"

அவருடைய மனைவி அடுப்பிலிருந்து திரும்பிப் பார்க்கவில்லை. துடுப்பு மட்டும் ஒரு நொடி நின்றது. நாமும் மறுமொழி சொல்ல முடியாமல் பட்டையில் இருந்ததைக் குடித்து முடித்தோம். அந்த இனிப்பில் குறை ஒன்றும் இல்லை. அதைச் செய்தவர் தம் பெயரைத் தம் மகனுடைய விண்ணப்பத்தில்கூட எழுத முடியாத நிலையில் இருக்கிறார் என்பதுதான் குறை.

இந்தத் தொழிலை எவரும் மதித்ததே இல்லை என்று சொன்னால் அது உண்மையாகாது. 1934-இல் காந்தியடிகள் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தைத் தொடங்கியபோது பனைவெல்லத்திற்கு அதில் தனி இடம் கொடுத்தார். கள்ளாக இறங்குவதை வெல்லமாக மாற்றினால் ஏழைக்குச் சோறும் குடும்பத்திற்கு அமைதியும் கிடைக்கும் என்பது அவருடைய நம்பிக்கை. அச்சங்கத்தின் செயலாளராக இருந்து உழைத்தவர் தஞ்சையில் 1892-இல் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த ஜே.சி. குமரப்பா. கரும்பு நல்ல நிலத்தையும் நீரையும் உணவுப் பயிரிடமிருந்து பறித்துக்கொள்கிறது. பனையோ வேறெதுவும் விளையாத நிலத்தில் நின்று இனிப்பைத் தருகிறது என்று அவர் பொருளாதாரக் கணக்கோடு வாதாடினார். இன்று நீர்ப்பற்றாக்குறை பற்றிப் பேசுகிறவர்கள் வந்து சேர்ந்திருக்கும் இடத்தில், அவர் முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே நின்றுகொண்டிருந்தார்.

அவர் வழியில் வந்தவர்களும் உண்டு. 2025-இல் மறைந்த குமரி அனந்தன் பனைத் தொழிலாளர் நல வாரியத்தின் தலைவராக இருந்தவர்; பனைக்காக ஊர் ஊராக நடந்தவர். போதகர் காட்சன் சாமுவேல், பனைகளையும் பனைத் தொழிலாளர்களையும் காண்பதற்காகவே மும்பையிலிருந்து நாகர்கோவில் வரை இருசக்கர வண்டியில் வந்தவர். அந்தப் பயணத்தைப் 'பனைமரச் சாலை' என்ற நூலாக எழுதியவர். நமக்கு அருகேயுள்ள மணப்பாட்டில் பெண்கள் கூட்டுறவாகச் சேர்ந்து குருத்தோலையில் பெட்டியும் கூடையும் முடைந்து, தங்கள் கைத்திறனைக் கடல் கடந்தும் அனுப்பியிருக்கிறார்கள்.

அரசும் வாளாவிருந்துவிடவில்லை. 1978-இல் பனை தமிழ்நாட்டின் மாநில மரமாக அறிவிக்கப்பட்டது. 2021-ஆம் ஆண்டின் வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் பனை மேம்பாட்டுக்கென ஓர் இயக்கம் அறிவிக்கப்பட்டு, 76 இலட்சம் பனை விதைகளை வழங்கும் திட்டமும் சொல்லப்பட்டது. மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டக்கூடாது என்ற கட்டுப்பாடும் அப்போது வந்தது. 2022-இல் பனையேறுவதற்குச் சிறந்த கருவியைக் கண்டுபிடிப்பவருக்கு விருது உண்டு என்றார்கள். 2023-இல் உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இவையெல்லாம் நல்லவையே. குறியீடு கிடைத்ததனால் வேறெங்கோ செய்த சரக்கை உடன்குடியின் பெயரால் விற்பதைத் தட்டிக்கேட்க வழி பிறந்திருக்கிறது.

ஆனால் வரிசையாக வைத்துப் பாருங்கள்: மரத்திற்கு ஒரு பட்டம், விதைக்கு ஒரு திட்டம், கருவிக்கு ஒரு விருது, ஊருக்கு ஒரு குறியீடு. பாளை சீவும் கைகள் இந்த வரிசையில் எங்கே நிற்கின்றன? கருவி வரட்டும், விழுந்து சாவது குறையட்டும். எனினும் கருவி மேலே ஏற்றிவிடுமே தவிர, பாளையைத் தாள் கனத்திற்குச் சீவுகிற அறிவைத் தந்துவிடாது. அது மனிதரிடம்தான் இருக்கிறது. அந்த மனிதர் தம் மகனை அதில் இறக்க விரும்பாதபோது, விதைகள் எத்தனை இலட்சம் நட்டால் என்ன? பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பது நம் ஊர்ப் பழமொழி. இன்று நட்ட விதை பாளை தள்ளப் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகும். அன்று ஏறுவதற்கு யார் இருப்பார்கள்?

இங்கே வேறொரு நாட்டு வழக்கத்தை நினைத்துப் பார்ப்பது பயன் தரும். இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில் ஹியர்ஃபோர்டு, குளோஸ்டர், வூஸ்டர் என்னும் மாவட்டங்களில் ஆப்பிள் சாற்றிலிருந்து 'சைடர்' என்ற பானத்தையும், பேரிக்காய்ச் சாற்றிலிருந்து 'பெரி' என்ற பானத்தையும் உழவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிறார்கள். பெரிக்கு உதவும் பேரிக்காய் பச்சையாகத் தின்ன முடியாத அளவுக்குத் துவர்க்கும். அந்த மரங்களோ நூறு, இருநூறு ஆண்டுகள் நிற்பவை. நட்டவரைவிடப் பேரனுக்கே பயன்படுபவை. பெரிய ஆலைகள் வந்து மலிவான பானத்தை ஊரெங்கும் நிரப்பியபோது இந்தச் சிறு உழவர்களின் தொழில் நலிந்தது. அப்போது அவர்களுக்காக எழுந்தவர்களுள் முதன்மையானவர்கள் அதை வாங்கிக் குடிக்கும் சாதாரண மக்கள். மரபான பானங்களைக் காக்கவென்று 1971-இல் தொடங்கப்பட்ட காம்ரா என்னும் நுகர்வோர் அமைப்பு, மரபுவழிச் சைடரையும் பெரியையும் வளர்க்கப் பாடுபட்டவர்களுக்கு விருது ஒன்றை வழங்குகிறது. 'பொமோனா விருது' என்று அதற்குப் பெயர். பொமோனா என்பது பழமரங்களுக்கு உரோமையர் வைத்திருந்த தெய்வத்தின் பெயர்.

அவை நொதித்த பானங்கள். நம் பதநீரோ நொதிக்கவிடாமல் காத்த பானம். நாம் ஒப்பிடுவது பானத்தை அன்று, பாராட்டும் முறையை. குடிக்கிறவர்கள் செய்கிறவர்களைத் தேடிப்போய்ப் பெயர் சொல்லிச் சிறப்புச் செய்கிறார்கள். செய்பவர் மட்டுமன்றி, அதைப் பற்றி எழுதியவர், பழைய மர வகைகளைத் தேடிக் காத்தவர், கடையில் வைத்து விற்றவர் என்று பலரும் அவ்வாறு சிறப்புப் பெறத் தகுந்தவர்கள். உண்பவரின் நன்றி உழைப்பவரின் வாசலுக்குப் போய்ச் சேர்கிறது. நம்மிடம் குறைவாயிருப்பது இதுதான். நாம் அரசு செய்யும் என்று காத்திருக்கிறோம்; கருப்பட்டியைத் தின்பவர்கள் நாம் என்பதை மறந்துவிடுகிறோம்.

உண்பவராகிய நாம் செய்யும் தீங்கும் ஒன்று உண்டு. விலை குறைந்த கருப்பட்டியைத் தேடுகிறோம். எட்டு லிட்டர் பதநீரும், ஒரு நாள் ஏற்றமும், ஒரு சுமை விறகும், ஒரு பெண்ணின் முற்பகலும் சேர்ந்த பொருள், ஆலைச் சீனியின் விலைக்கு அருகில் எப்படி வர முடியும்? வருகிறதென்றால் அதனுள் சீனி இருக்கிறது என்றே பொருள். சீனி கலந்தவர் மலிவாக விற்கிறார். கலக்காதவர் விற்க முடியாமல் விடிலியை மூடுகிறார். நேர்மையாகக் காய்ச்சியவரைத் தோற்கடிக்கிறது நம்முடைய பேரம். பிறகு, பழைய சுவை இப்போது இல்லை என்று நாமே வருந்துகிறோம்.

இறைமக்களாகிய நமக்கு இதில் தனிப்பட்ட கடன் ஒன்றும் இருக்கிறது. நம் வழிபாட்டு ஆண்டும் பனையேறியின் ஆண்டும் கைகோத்தே நடக்கின்றன. தவக்காலம் நடக்கும் நாள்களில்தான் இங்கே பாளைகள் பழகிச் சொட்டத் தொடங்குகின்றன. குருத்து ஞாயிறன்று நாம் கையிலேந்தும் ஓலையை ஒருவர் மரத்தின் உச்சிக்கு ஏறி வெட்டி இறக்கியிருக்கிறார். அந்த ஓலையே காய்ந்து, எரிந்து, அடுத்த ஆண்டு திருநீற்றுப் புதனன்று நம் நெற்றியில் சாம்பலாகிறது. நம் வெற்றிப் பவனிக்கும் மனமாற்றத்திற்கும் ஓலை இறக்கித் தந்தவர், அந்த ஞாயிறு திருப்பலிக்குப் பெரும்பாலும் வர முடிவதில்லை. ஒரு நாள் ஏறாவிட்டால் பாளை அடைத்துக்கொள்ளும் என்று மேலே சொன்னோம். ஞாயிறு என்று பாளைக்குத் தெரியாது. "பருவகாலத்தில் அவர்கள் கோயிலுக்கு வருவதில்லை" என்று குறை சொல்வது எளிது. அவர்கள் வருவதற்கேற்ற நேரத்தில், ஏற்றம் முடிந்த பின்மாலையில், விடிலிகளுக்கு அருகேயுள்ள சிற்றாலயத்தில் ஒரு திருப்பலி வைக்க முடியுமா என்று கேட்பது அதைவிடச் சிறந்தது.

1955-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். 1981-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் மனித உழைப்பைக் குறித்து எழுதிய சுற்றுமடலில், வேலையின் மதிப்பு என்ன வேலை என்பதில் முதன்மையாக இல்லை, செய்பவர் மனிதர் என்பதில் இருக்கிறது என்று விளக்கினார். காணிக்கை வேளையில் நாம் ஒப்புக்கொடுப்பதும் வெறும் அப்பத்தையன்று. அதில் அடங்கிய உழைப்பையும் சேர்த்தே. நாசரேத்தூர்த் தச்சரை வணங்குகிற நாம், தேரிக்காட்டுப் பனையேறியைப் பார்த்து முகம் திருப்பினால் அந்த வணக்கம் நிறைவாகுமா?

மே மாதம் இங்கே பதநீர்ப் பருவம் உச்சத்தில் இருக்கும் மாதம். ஆகவே நம் மறைமாவட்டத்துப் பங்குப் பேரவைகளுக்கு எளிய விண்ணப்பம் ஒன்றை வைக்கிறோம். மே முதல் நாளன்று பங்கிலோ பங்கின் அருகிலோ வாழும் பனையேறிகளையும், விடிலியில் காய்ச்சும் பெண்களையும் அழையுங்கள். எந்தச் சமயத்தவராயினும் அழையுங்கள். பொன்னாடை கட்டாயமில்லை, மேடைப் பேச்சும் வேண்டாம். அவரவர் பெயரையும், எத்தனை ஆண்டுகள் ஏறினார்கள், எத்தனை பருவங்கள் காய்ச்சினார்கள் என்பதையும் மக்கள் முன் வாசியுங்கள். அவர்கள் கொண்டுவரும் கருப்பட்டியை அவர்கள் சொல்லும் விலைக்கு வாங்குங்கள். ஓலைப்பெட்டியின் மேல் செய்தவரின் பெயரை எழுதச் சொல்லுங்கள். மறைக்கல்வி மாணவர்களை ஒரு நாள் விடிலிக்கு அழைத்துச் சென்று, ஒரு சிரட்டைக் கருப்பட்டி எப்படி உருவாகிறது என்று காட்டுங்கள். நல வாரியத்தில் பெயர் பதியாதவர் இருந்தால், எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர் ஒருவர் உடன் சென்று பதிந்து கொடுக்கட்டும்.

இதனால் எல்லாரும் மறுபடி மரமேற வந்துவிடுவார்கள் என்று நாம் நினைக்கவில்லை. வரவேண்டும் என்றும் கட்டாயப்படுத்த நமக்கு உரிமை இல்லை. நம் பிள்ளைகளை அலுவலகத்திற்கு அனுப்பிவிட்டு, பிறர் பிள்ளைகள் மரபைக் காக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது நீதியாகாது. படித்துவிட்டு வேறு வேலைக்குப் போகிற மகன் போகட்டும். இருக்க விரும்புகிறவர் பாதுகாப்போடும் உரிய விலையோடும் இருக்கட்டும். எந்த வழியை அவர்கள் தேர்ந்தாலும், அது வெட்கத்தினால் எடுத்த முடிவாக இருக்கக்கூடாது என்பதே நம் வேண்டுதல்.

பட்டமும் குறியீடும் அரசாங்கம் தரக்கூடியவை. வெட்கத்தை நீக்குவது அண்டை வீட்டார் மட்டுமே தரக்கூடியது. தகப்பன் தொழில் என்ற இடத்தில் "பனைத் தொழில்" என்று ஓர் இளைஞன் தயக்கமின்றி எழுதுகிற நாளில், எந்த மேடையும் வழங்காத விருது அந்தத் தந்தைக்குக் கிடைத்துவிடும். அந்த விருதை வழங்கும் தேர்வுக் குழுவில் நாம் ஒவ்வொருவரும் இருக்கிறோம்.